விடியற்காலை வேலைகள் தானாக நடக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் வீட்டில் அம்மா நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவார். அவர் வரும்போது சமையலறை விளக்கு எரிய வேண்டும். ஐந்தரைக்கு மகள் குளிக்க வெந்நீர் இருக்க வேண்டும். கோலம் போட வாசலில் வெளிச்சம் வேண்டும். இந்த மூன்றும் தானாக நடக்க வேண்டும் என்பதுதான் என் முதல் திட்டம். இரண்டு ஸ்மார்ட் பிளக், ஒரு ஸ்மார்ட் பல்பு, ஒரு அசைவு சென்சார், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில் ஹோம் அசிஸ்டண்ட் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்), இவ்வளவுதான் சாமான். மாட்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. வீட்டில் உள்ளவர்கள் அதை நம்பிக் காலையைத் தொடங்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் பார்த்த கோளாறுகளையும், பிறகு நண்பர்கள் வீடுகளில் சரிசெய்து கொடுத்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று. எந்தக் கோளாறாக இருந்தாலும் கரண்ட், வைஃபை, கடிகாரம், விதி (எப்போது எது நடக்க வேண்டும் என்று நாம் எழுதி வைக்கும் கட்டளை) என்ற இந்த வரிசையில் பாருங்கள். பிளக்கில் உள்ள பொத்தானைக் கையால் அமுக்கினால் விளக்கு எரிகிறதா? எரிந்தால் கரண்ட் சரி. செல்போன் ஆப்பிலிருந்து அணைத்துப் போட முடிகிறதா? முடிந்தால் வைஃபையும் சரி. மிச்சம் கடிகாரமும் விதியும்தான். பலரும் விதியில் தொடங்கி அதை மூன்று தடவை அழித்து எழுதிவிட்டு, கடைசியில் சுவர் ஸ்விட்ச் அணைந்திருந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஸ்விட்ச் போர்டைத் திறக்கும் வேலை எதுவானாலும் எம்சிபியை (சுமை மிஞ்சினால் தானே இறங்கும் மெயின் போர்டு ஸ்விட்ச்) இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அது பழக்கமில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பிளக் ஆப்பில் சேரவே மாட்டேன் என்கிறது

பிளக்கில் விளக்கு வேகமாக மினுக்கிக்கொண்டே இருக்கும். ஆப்பில் சுற்று ஓடி ஓடி, கடைசியில் முடியவில்லை என்று வரும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். இந்த வகைச் சாதனங்களில் அநேகமாக எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் பேசும். ஈஎஸ்பி8266 சில்லு உள்ளவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது. இப்போது வரும் ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்துவிடுவதால் செல்போன் 5-இல் போய் உட்கார்ந்துகொள்ளும், பிளக் 2.4-இல் தேடிக்கொண்டிருக்கும். ரூட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். செல்போனை 2.4-இல் இணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்த பிறகு செல்போன் எதில் இருந்தாலும் பரவாயில்லை.

அப்படியும் சேரவில்லையா? ரூட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லில் விசித்திரமான குறிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். செல்போனில் லொக்கேஷன் அனுமதி கொடுக்காமல் இருந்தாலும் சில ஆப்கள் புதிய சாதனத்தைத் தேடாது.

ஐந்து மணிக்கு வைத்தது பத்தரைக்கு நடக்கிறது

இந்த அறிகுறி கிடைத்தால் சந்தோஷப்படலாம், காரணத்தை அதுவே சொல்லிவிடுகிறது. நம் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. சாதனத்தின் கடிகாரம் உலக நேரத்தில் ஓடினால், அதற்கு ஐந்து அடிக்கும்போது நமக்குப் பத்தரை. மாறாக, ஐந்து மணி வேலை நள்ளிரவு தாண்டி இரண்டரைக்கே நடந்தால், கடிகாரம் சீன நேரத்தில் ஓடுகிறது. ஆப்பில் கணக்கு தொடங்கும்போது நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். டாஸ்மோட்டா என்ற மாற்று மென்பொருள் போட்ட பிளக் என்றால், அதன் கன்சோலில் டைம்சோன் கட்டளைக்கு +5:30 என்று கொடுக்க வேண்டும். வெறும் 5 என்று கொடுத்தால் எல்லாமே அரை மணி நேரம் தாமதமாக நடக்கும். அதுவும் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

சரியான நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் தவறினால், கடிகாரம் இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. விலை குறைந்த பிளக்குகள் பலவற்றில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும் நேரத்தை வெளியே கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். இன்டர்நெட் வர நேரமானால் அதுவரை அதற்கு மணி தெரியாது.

சமையலறை பல்பு ஒரு நாள் எரிகிறது, ஒரு நாள் எரிவதில்லை

எங்கள் வீட்டில் அதிக நாள் தொல்லை கொடுத்தது இதுதான். ஆப்பில் பல்பு கிடைக்கவில்லை என்று காட்டும். ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன், பல்பை மாற்றினேன், ரூட்டரின் சேனலை மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு ராத்திரி சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனபோது அம்மா மேடையைத் துடைத்துவிட்டு, கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவுப் பக்கம் வந்து ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போனதைப் பார்த்தேன். நாற்பது வருஷப் பழக்கம். ஸ்விட்ச் அணைந்தால் பல்புக்குக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத பல்பு எந்த ஆப்புக்கும் பதில் சொல்லாது. அம்மா சீக்கிரம் படுத்த நாட்களில் நான்தான் கடைசியாகச் சமையலறையை விட்டு வந்திருக்கிறேன். அந்த நாட்களில் மட்டும் மறுநாள் காலை பல்பு எரிந்திருக்கிறது.

ஸ்விட்ச் மேல் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். வீட்டு ஸ்விட்சைத் தொடாதே என்று பெரியவர்களிடம் சொல்லும் திட்டம் நல்ல திட்டம் இல்லை. விருந்தாளி வந்தாலும் இதே கதைதான். சரியான வழி, பல்பைச் சாதாரண எல்ஈடி பல்பாகவே வைத்துக்கொண்டு, ஸ்விட்ச் போர்டுக்குள் ஒரு சின்ன ஸ்மார்ட் ரிலேயை (கட்டளை வந்ததும் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் கருவி) வைப்பது. ஸ்விட்சின் கம்பிகள் அந்த ரிலேயின் உள்ளீட்டுக்குப் போகும். அம்மா தட்டினாலும் எரியும், விதி சொன்னாலும் எரியும். ராத்திரி அவர் தட்டிவிட்டுப் போனால் காலையில் விதி மறுபடி போடும். இதை மாற்றிய பிறகுதான் வீட்டில் எல்லாருக்கும் இந்தத் திட்டத்தின் மேல் பிடிப்பு வந்தது. கைக்கு எப்போதும் முதல் உரிமை இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். செல்போனைக் கையில் எடுக்காமல் அடுப்படியில் விளக்குப் போட முடியாத வீடு யாருக்கும் வசதியான வீடு இல்லை.

இந்த ரிலேக்குப் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) வேண்டும். வெறும் ஸ்விட்சுகள் மட்டும் உள்ள போர்டில் பேஸ் (கரண்ட் வரும் கம்பி) மட்டுமே வந்து போகும், நியூட்ரல் இருக்காது. ஆனால் அதே போர்டில் ஒரு பிளக் சாக்கெட் இருந்தால் நியூட்ரல் அங்கே கண்டிப்பாக வந்திருக்கும். எங்கள் சமையலறை போர்டில் மிக்ஸிக்கான சாக்கெட் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது.

நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் ஸ்விட்சும் கிடைக்கிறது. அதைப் போட்ட இடத்தில் அணைத்த பிறகும் எல்ஈடி பல்பு மங்கலாகப் பூனைக்கண் மாதிரி மினுங்கினால் பயப்பட வேண்டாம். ஸ்விட்ச் தன் உயிருக்காக எடுத்துக்கொள்ளும் சிறு மின்சாரம் பல்பு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். ஸ்விட்சோடு வரும் சின்ன கெபாசிட்டரைப் பல்பு ஹோல்டருக்கு இணையாக எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டச் சொல்லுங்கள். சாதாரண ஸ்விட்சிலேயே இப்படி மினுங்கினால் பேஸுக்குப் பதில் நியூட்ரலை ஸ்விட்சில் கொடுத்திருக்கலாம். அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.

பிளக் ஆன் என்று காட்டுகிறது, வெந்நீர் வரவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காலை வேலைகளில் அதிகக் கரண்ட் எடுப்பது கீசர்தான், தவறு நடந்தால் ஆபத்தும் அதில்தான்.

முதலில் பிளக்கைக் கழற்றி அதன் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 16 ஆம்ப் என்று இருக்க வேண்டும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் எடுப்பது சுமார் 8.7 ஆம்ப், 3000 வாட் எடுப்பது 13 ஆம்ப். 6 ஆம்ப், 10 ஆம்ப் பிளக்கை அடாப்டர் வைத்து இதில் மாட்டக் கூடாது. சரியான பிளக்காகவே இருந்தாலும் கீசர் ஓடி முடித்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் முகத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு, பின் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் கருகிய வாசனை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றோடு நிறுத்துங்கள். பெரும்பாலும் குற்றம் ஸ்மார்ட் பிளக்கில் இருக்காது, சுவர் சாக்கெட்டின் பித்தளை பிடிமானம் விட்டுப்போயிருக்கும். சாக்கெட்டை மாற்றினால் சரியாகும்.

இனி வெந்நீர் வராத விஷயம். வாட் கணக்குக் காட்டும் பிளக்காக வாங்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆன் ஆனதும் 2000-ஐ ஒட்டி எண் வந்தால் கீசர் சூடாகிறது. 0 என்றே நின்றால் கரண்ட் உள்ளே போகவில்லை. யாரோ கீசரில் உள்ள ஸ்விட்சை அணைத்திருக்கலாம், கீசர் ஏற்கெனவே சூடாக இருந்து அதன் தெர்மோஸ்டாட் வெட்டியிருக்கலாம். டிஜிட்டல் பொத்தான் வைத்த கீசர் என்றால் கரண்ட் வந்ததும் தானாக எழாமல் விரலுக்காகக் காத்திருக்கும் வகையும் உண்டு. அந்த வகையைப் பிளக் வைத்து ஓட்ட முடியாது. பிளக்கை வாங்கும் முன்பே சோதித்துவிடுங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் கீசர் தானாக எழுகிறதா என்று பார்த்தால் போதும்.

2000 வாட் காட்டியும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தால் நேரம் போதவில்லை. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் கீசருக்கு ஏறத்தாழ 15 நிமிஷம் வேண்டும். 25 லிட்டருக்கு 25 நிமிஷம். இழப்பையும் சேர்த்து ஐந்து நிமிஷம் கூட வையுங்கள். மார்கழியில் தொட்டித் தண்ணீரே குளிர்ந்திருக்கும், இன்னும் ஐந்து. 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வைத்திருப்பவர்கள் இந்தத் தலைவலிக்கே போக வேண்டாம். அது ஓரிரு நிமிஷத்தில் சூடாகிவிடும், குளிக்கப் போகும்போது கையால் போட்டுக்கொள்ளலாம்.

கீசரை ஆன் செய்யும் விதி எழுதும்போதே ஆஃப் செய்யும் வழியையும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று ஹோம் அசிஸ்டண்டில், இன்னொன்று பிளக்குக்குள்ளேயே உள்ள டைமரில். ஆன் செய்த பிறகு ராஸ்பெர்ரி பை நின்றுபோனாலும் பிளக் தானே அணைந்துகொள்ளும்.

கீசர் ஆன் ஆனதும் வீடே இருண்டுவிடுகிறதா? போர்டில் எது இறங்கியது என்று பாருங்கள். எம்சிபி இறங்கினால் சுமை அதிகம் அல்லது ஷார்ட். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வெட்டும் பாதுகாப்பு ஸ்விட்ச்) இறங்கினால் எங்கோ கரண்ட் கசிகிறது, பெரும்பாலும் கீசரின் சூடாக்கும் காயிலில்தான். ஆர்சிசிபியைத் தாண்டி இணைப்புக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கீசர் தண்ணீரில் குளிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

கரண்ட் போய் வந்தால் எல்லாம் தானாக எரிகிறது, அல்லது எதுவுமே எரிவதில்லை

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் எல்லா விளக்கும் பளீரென்று எரிந்தால், சாதனத்தின் அமைப்பில் கரண்ட் வந்ததும் எந்த நிலை என்ற கேள்விக்கு ஆன் என்று இருக்கிறது. விளக்குக்கு முந்தைய நிலை என்று வையுங்கள். கீசர் பிளக்குக்கு எப்போதும் ஆஃப் மட்டும்தான்.

நோட்எம்சியூ (ஈஎஸ்பி8266 சில்லு உள்ள சின்ன போர்டு) வைத்துச் சொந்தமாக ரிலே செய்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டி3, டி4, டி8 பின்களை அந்தச் சில்லு தான் எழும்போது தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்கிறது. அவற்றில் ரிலேயை மாட்டினால் எழும்போது ரிலே டக்கென்று அடிக்கும், சில நேரம் சில்லே எழாது. டி1, டி2-க்கு மாற்றிவிடுங்கள்.

எதுவுமே நடக்கவில்லை என்பது வேறு கதை. நாலு ஐம்பத்தெட்டுக்குக் கரண்ட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ராஸ்பெர்ரி பை எழுந்து முடிப்பதற்குள் ஐந்து தாண்டிவிடும். நேரத்தைப் பார்த்து ஓடும் விதி, தவறவிட்ட நேரத்தைத் திரும்பிப் பார்க்காது. அந்த விதிக்கே இன்னொரு தூண்டலை, அதாவது விதியை ஓட வைக்கும் நிகழ்வை, சேருங்கள். ஹோம் அசிஸ்டண்ட் தொடங்கியதும் ஓடு, ஆனால் மணி நாலே முக்காலுக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்தால் மட்டும். அப்புறம் ரூட்டருக்கும் ராஸ்பெர்ரி பைக்கும் சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். அவற்றின் அடாப்டர்களில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறதோ, ரூட்டருக்குப் பெரும்பாலும் 12, பைக்கு 5, அந்தந்த வோல்ட் தரும் வகை. திடீர் திடீரென்று கரண்ட் வெட்டினால் பையின் மெமரி கார்டும் கெட்டுப்போகும், அதனால் வாரம் ஒரு முறை பேக்கப்பை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

ஆப்பில் வேலை செய்கிறது, ஹோம் அசிஸ்டண்டில் மட்டும் கிடைக்கவில்லை என்கிறது

ரூட்டர் மறுபடி எழுந்தபோது பிளக்குக்கு வேறு ஐபி முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கொடுத்துவிட்டது. ரூட்டர் அமைப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டால் முடிந்தது.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை

விதிப் பக்கத்தில் ஓட்டு என்று அமுக்கிப் பார்த்து, விளக்கு எரிந்ததும் விதி சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். அது அப்படி இல்லை. அந்தப் பொத்தான் தூண்டலையும் நிபந்தனையையும் தாண்டிப் போய், செய்ய வேண்டிய வேலையை மட்டும் செய்கிறது. ஆகவே அதில் எரிந்தால் கடைசிப் பகுதி மட்டும்தான் சரி. கோளாறு முதல் இரண்டு பகுதியில் இருக்கிறது. டிரேஸ் பக்கத்தைத் திறந்தால் விதி எந்த இடம் வரை போய் நின்றது என்று படமாகவே காட்டும். டிரேஸே இல்லை என்றால் தூண்டல் நடக்கவில்லை. பாதியில் நின்றால் நிபந்தனை தடுத்திருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி என்று போட்டுவிட்டுச் சனிக்கிழமை பள்ளி இருக்கும் வாரத்தில் தேடுவது, சாதனத்தின் பெயரை மாற்றிவிட்டு விதியில் பழைய பெயரையே விட்டுவிடுவது, இவை இரண்டும்தான் அடிக்கடி வருபவை.

வாசல் விளக்கு கோலம் போடும் நேரத்தில் அணைந்துவிடுகிறது

சூரிய உதயத்துக்கு இவ்வளவு முன் அணை என்று எழுதியிருப்பீர்கள். உதயம் என்பது நீங்கள் கொடுத்த ஊரை வைத்துப் போடும் கணக்கு, வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. முதலில் அமைப்பில் ஊர் சரியாக இருக்கிறதா பாருங்கள். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் ஐந்தே முக்காலை ஒட்டி உதயம், ஜனவரி நடுவில் ஆறரையைத் தாண்டிவிடும். வருஷத்துக்குள் ஐம்பது நிமிஷம் நகரும் கணக்கு இது. மழைக்காலத்தில் மேகம் மூடிய காலையில் உதயம் ஆன பிறகும் வாசல் இருட்டாகவே இருக்கும். நான் விளக்குப் போடுவதை மணிக்கும், அணைப்பதை உதயத்துக்கு இருபது நிமிஷம் பின்னாலும் வைத்திருக்கிறேன். மார்கழியில் பெரிய கோலம் என்பதால் அந்த மாதத்துக்கு மட்டும் நாலரைக்கே எரியும் தனி விதி.

அசைவு சென்சார் ஆள் வந்தும் பார்ப்பதில்லை, ஆள் இல்லாமல் பார்க்கிறது

இது உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும் சாதனம். சித்திரை, வைகாசியில் அறையே உடம்பளவு சூடாக இருக்கும்போது அதன் பார்வை குறைவது இயல்பு. எதிரே நடந்து வருவதைவிடக் குறுக்கே கடப்பதை அது நன்றாகப் பிடிக்கும். அதனால் நடைபாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஆள் இல்லாமல் அடித்தால் எதிரே வெயில் விழும் ஜன்னல், காற்றில் ஆடும் திரை, கண்ணாடி மேல் ஊரும் பல்லி, இவற்றைப் பாருங்கள். எச்.சி-எஸ்ஆர்501 என்ற சென்சாரை வாங்கியவர்கள், கரண்ட் கொடுத்து முதல் ஒரு நிமிஷம் அது கண்டபடி அடிப்பதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மோட்டார் அணையவே இல்லை, தொட்டி வழிகிறது

இது நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது. ஆப்பில் ஆஃப் என்று காட்டுகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. எம்சிபியை இறக்கித்தான் நிறுத்தினோம். பிறகு அந்த ரிலேயை உடைத்துப் பார்த்தேன். கடுகளவு வெள்ளி முனைகள் இரண்டும் கறுத்து, ஒன்றோடு ஒன்று உருகி ஒட்டியிருந்தன. நகத்தால் நெம்பியும் பிரியவில்லை. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட் அளவுதான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 10 ஆம்ப் என்று எழுதிய ரிலே வெறுமனே சூடாக்கும் சுமைக்கு அந்த அளவு தாங்கலாம், மோட்டாருக்குத் தாங்காது.

இந்த அறிகுறி வந்தால் ரிலேயை மாற்றி அதே இடத்தில் மாட்டாதீர்கள். நடுவில் ஒரு கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) வேண்டும். சின்ன ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கும், மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கும். அதோடு, தொட்டியில் தொங்கும் ப்ளோட் ஸ்விட்சை (தண்ணீர் மட்டம் ஏறினால் தானே அணையும் மிதவை ஸ்விட்ச்) கான்டாக்டர் காயிலோடு வரிசையில் இணைத்துவிட்டால், வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்கும். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் காய்ந்து ஓடாமல் இருக்க அங்கேயும் ஒன்று. இதெல்லாம் எலெக்ட்ரீஷியன் கையால் நடக்க வேண்டிய வேலை. முதல் திட்டத்தில் மோட்டாரைச் சேர்க்க வேண்டாம். விளக்கும் கீசரும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தடங்கல் இல்லாமல் ஓடட்டும், பிறகு மாடித் தொட்டிப் பக்கம் போகலாம்.